வராத மண்ணுக்கு யார் பில் போடுவது?

காமர்ஸ் படிக்கிறவனுக்கும் மண் பரிசோதனைக்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்புத் தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. போன மாதம் வரை பங்குச் சந்தை, கிரிக்கெட், ஹாஸ்டல் சாம்பார் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று களிமண்ணைக் கையில் எடுத்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். சம்பந்தம் இருக்கிறது மக்களே. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் ஆடிட்டிங் பாடத்துக்கே வந்து சேருவோம்.

முதலில் ஒரு விளக்கம். நான் சொல்வது தண்ணீருக்காகப் போடும் போர்வெல் அல்ல. ஒரு அடுக்குமாடியோ, பாலமோ, அணையோ கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் துளை போட்டு, கீழே என்ன மண் இருக்கிறது என்று ஆழம் ஆழமாக மாதிரி எடுத்துப் பார்ப்பார்களே, அந்த போர். எடுத்த மண்ணை ஆய்வுக்கூடத்தில் அழுத்திப் பார்த்து, இது இவ்வளவு எடை தாங்கும், அஸ்திவாரம் இவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று அறிக்கை கொடுப்பார்கள். அந்த அறிக்கையை நம்பித்தான் அப்புறம் கோடிக்கணக்கில் பணம் இறங்குகிறது. மனிதர்களும் குடி வருகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல். கெட்டியான மண்ணும் பாறையும் சமர்த்தாக மேலே வந்துவிடும். சேறு, கொழகொழக் களிமண், தண்ணீரில் ஊறிய மணல் இதெல்லாம் வராது. குழாயை எவ்வளவு ஆழம் இறக்கினாலும் மேலே இழுக்கும்போது வழுக்கி விழுந்துவிடும். வெறும் குழாய்தான் வரும். ஆனால் கட்டடத்தைக் கவிழ்க்கப் போகிறது எது? அந்த வராத மண்தான்! நல்ல பிள்ளைகள் மட்டும் வகுப்புக்கு வந்திருக்கும் நாளில் ஆய்வாளர் வந்து பள்ளிக்கூடத்துக்கு மார்க் போடுகிற கதை இது.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். மென்மையான மண்ணை மேலே கொண்டுவரும் வித்தையை உலகம் சுமார் நூறு வருடமாகப் படிப்படியாகக் கற்றுவைத்திருக்கிறது. நம்மிடம் குறைவது அந்த வித்தை அல்ல. அதற்குக் காசு கொடுக்கும் விதம் தப்பாக இருக்கிறது.

வித்தையைப் பற்றி முதலில். ரோட்டோரக் கடையில் ஜூஸ் குடிக்கும்போது ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் மூடிக்கொண்டு தூக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஜூஸ் கீழே விழாது. விரலை எடுத்தால் கொட்டிவிடும். சின்ன வயதில் எல்லோரும் செய்த வேலைதான். மென்மண் மாதிரி எடுப்பதில் பாதி ரகசியம் இந்த விரலில் இருக்கிறது. மீதிப் பாதிக்கு கூழை வைத்து யோசிக்க வேண்டும். ஒரு பாத்திரம் கெட்டிக் கூழில் குழாயைச் செருகி வெளியே இழுத்தால், குழாயின் அடிவாயில் கூழ் கீழிருந்து பிடித்து இழுக்கும். அந்த இடத்தில் வெற்றிடம் உண்டாவதால் வரும் உறிஞ்சல் அது. மேலிருந்து எடையும் கீழிருந்து உறிஞ்சலும் சேர்ந்து மாதிரியை வெளியே இழுக்க, உள்ளே பிடித்துவைப்பது குழாய்ச் சுவரின் ஒட்டுதல் மட்டும்தான். களிமண் கெட்டியாக இருந்தால் ஒட்டுதல் ஜெயிக்கும். கூழாக இருந்தால் தோற்றுவிடும்.

நம் ஊரில் அதிகமாக நடப்பது ஸ்டாண்டர்டு பெனட்ரேஷன் டெஸ்ட். ஐ.எஸ். 2131 என்று இதற்குத் தனித் தரநிலையே இருக்கிறது. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு விட்டு ஒரு தடித்த குழாயை அடித்து இறக்குவார்கள். 45 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். முதல் 15ஐத் தள்ளிவிட்டு, மீதி 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி வாங்கியது என்பதுதான் 'என் வேல்யூ'. அந்தக் குழாய் வேர்க்கடலைத் தோல் மாதிரி இரண்டாகப் பிரியும், உள்ளே மண் இருக்கும். அடிவாங்கிய மண். பெயர் தெரிந்துகொள்ள அது போதும், பலம் தெரிந்துகொள்ளப் போதாது.

ஏன் போதாது என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு கணக்கு இருக்கிறது (கணக்கு என்றதும் ஓடாதீர்கள், பிளஸ் டூ கூட வேண்டாம்). வோர்ஸ்லெவ் என்று டென்மார்க்கில் பிறந்த பொறியாளர் 1949ல் மண் மாதிரி எடுப்பதைப் பற்றி ஒரு தலையணை சைஸ் அறிக்கை எழுதினார். அதில் வருவது பரப்பு விகிதம். குழாயின் வெளிவிட்டத்தை வர்க்கமாக்கி, அதில் உள்விட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து, வந்ததை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அதாவது, எடுக்கிற மண்ணோடு ஒப்பிட்டால் குழாயின் சுவர் எவ்வளவு மண்ணை முட்டித் தள்ளுகிறது என்பது. சுத்தியலால் அடிக்கும் அந்தக் குழாய்க்கு வெளியே 50.8 மில்லிமீட்டர், உள்ளே 35 மில்லிமீட்டர். போட்டுப் பாருங்கள், 110 சதவீதம் வரும். எடுக்கிற மண்ணைவிடக் கசக்குகிற மண் அதிகம்! கலையாத மாதிரி வேண்டுமென்றால் இது சுமார் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஷெல்பி டியூப் என்று மெல்லிய சுவர்க் குழாய் வைத்திருக்கிறார்கள். அதை அடிக்கக் கூடாது, ஒரே சீராக அமுக்க வேண்டும். அமுக்கியவுடன் இழுக்கவும் கூடாது. சில நிமிடம் காத்திருந்தால் களிமண் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மெதுவாகத் திருகி அடியை அறுத்து, மெதுவாகத் தூக்கி, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்து, குழந்தையைத் தூக்கிப் போவது போல நிமிர்த்தி எடுத்துப் போக வேண்டும்.

இப்படி எடுத்த மாதிரிக்குத் தொழிலில் யூ.டி.எஸ். என்று பெயர். கலையாத மாதிரி என்று அர்த்தம். ஃபிளாட் விளம்பரத்தில் வரும் யூ.டி.எஸ். வேறு, அது பிரிக்கப்படாத நிலப் பங்கு. வாங்குபவர்கள் இரண்டாவது யூ.டி.எஸ். எத்தனை சதுர அடி என்று சண்டை போடுகிறார்கள், முதலாவதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லை.

மென்மண்ணுக்கு வந்த அடுத்த கண்டுபிடிப்பு ஸ்வீடனில் நடந்தது. அங்கே ரயில் பாதைகள் களிமண் சரிவுகளின் மேல் ஓடுகின்றன, சரிவுகள் அடிக்கடி நழுவும். ஸ்வீடன் அரசு ரயில்வே மண் பிரச்சினைக்கென்றே ஒரு கமிஷன் போட்டது. அது வேலை செய்துகொண்டிருந்த காலத்திலேயே, 1918 அக்டோபர் 1 அன்று, கெட்டோ என்ற இடத்தில் பாதைக்கரை சரிந்து, வந்த ரயில் கவிழ்ந்து தீப்பிடித்தது. குறைந்தது 42 பேர் இறந்தார்கள். அந்த நாட்டின் மிக மோசமான ரயில் விபத்து அது. கமிஷனின் அறிக்கை 1922ல் வந்தது. அதன் செயலாளராக இருந்த யோன் ஓல்சன்தான் பிஸ்டன் சாம்ப்ளரை உருவாக்கியவர்.

பிஸ்டன் என்றால் நம்முடைய விரல்தான், கொஞ்சம் புத்திசாலி விரல். குழாயின் அடிவாயை பிஸ்டன் மூடியிருக்கும். துளையின் அடியைத் தொட்டதும் பிஸ்டனை அங்கேயே அசையாமல் நிறுத்திவிட்டு, குழாயை மட்டும் அதைத் தாண்டிக் கீழே அமுக்குவார்கள். மண் உள்ளே வருகிறது, அதன் தலையில் பிஸ்டன் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. இழுக்கும்போது மண் நழுவப் பார்த்தால் தலைப்பக்கம் உறிஞ்சல் உண்டாகி அதைப் பிடித்துக்கொள்ளும். இதே தத்துவத்தில் இன்னொரு ஸ்வீடன்காரர், குல்லன்பெர்க், கடலடிச் சேற்றுக்கு ஒரு கருவி செய்தார். 1947-48ல் ஆல்பட்ராஸ் கப்பல் அதை எடுத்துக்கொண்டு பெருங்கடல்களைச் சுற்றிவந்தது. அதற்கு முன் ஓரிரு மீட்டர் சேறு கிடைத்தாலே பெரிய விஷயம். இவர்கள் பத்து மீட்டருக்கு மேல் நீளமான மாதிரிகளோடு வந்தார்கள். பூமியின் லட்சக்கணக்கான வருட வரலாறு ஒரு குழாய்க்குள்!

கடல் என்றதும் கப்பல் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1968 முதல் 1983 வரை குளோமார் சேலஞ்சர் என்ற அமெரிக்கக் கப்பல் ஆழ்கடல் தரையைத் துளைத்து மாதிரி எடுத்தது. பெரிய பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் அதில் வந்தன. ஆனால் சுழலும் பிட்டால் மென்சேற்றை அறுத்தால் என்ன ஆகும்? மிக்ஸியில் போட்ட மாதிரிதான். வருட வாரியாகப் படிந்த மெல்லிய அடுக்குகள் எல்லாம் கலங்கி ஒரே குழம்பாக வரும். பத்து வருடத்துக்கும் மேல் இந்தக் குழம்போடு மல்லுக்கட்டிவிட்டு, 1970களின் கடைசியில் கலிஃபோர்னியா வளைகுடாவில் நீரழுத்த பிஸ்டன் கருவியை இறக்கினார்கள். துளைக் குழாய்க்குள் தண்ணீரை பம்ப் செய்துகொண்டே போவார்கள். அழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் பிடித்திருக்கும் பின்கள் உடையும். உடனே உள்குழாய் பிட்டுக்கு முன்னால் பாய்ந்து, ஓரிரு வினாடியில் சேற்றுக்குள் இறங்கிவிடும். சுழற்சியும் இல்லை, கலங்கலும் இல்லை. பின்னால் வந்த ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் 1985ல் தொடங்கி 2024ல் ஆராய்ச்சிப் பணியை முடிக்கும் வரை இந்த முறையில் ஒரு தடவைக்கு 9.5 மீட்டர் எடுத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கப்பல் 2006ல் இந்தியாவுக்கு வந்திருக்கிறது, தெரியுமா? எரிவாயு ஹைட்ரேட் தேடி. மீத்தேன் வாயு, ஆழ்கடலின் அழுத்தத்திலும் குளிரிலும் தண்ணீரோடு சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்து கிடப்பதுதான் ஹைட்ரேட். 113 நாளுக்கும் மேல், 21 இடங்களில் 39 துளைகள். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் சுமார் 1,000 மீட்டர் ஆழக் கடலின் அடியில், விரிசல் விட்ட களிமண்ணுக்குள், 130 மீட்டர் அளவுக்குத் தடிமனான ஹைட்ரேட் படிவு ஒன்று கிடைத்தது. உலகத்தில் அதுவரை தெரிந்த வளமான கடலடிப் படிவுகளில் ஒன்று என்றார்கள்.

நான் சொல்ல வந்தது படிவைப் பற்றி அல்ல. இந்தப் பண்டம் மேலே வர வர உருகும். சும்மா உருகாது, ஒரு கனமீட்டர் ஹைட்ரேட் சுமார் 160 கனமீட்டர் வாயுவாகப் பொங்கும். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் மாதிரி வெடித்துவிடாமல் இருக்க, மேல்தளத்துக்கு வந்தவுடன் உறையில் ஓட்டை போட்டு வாயுவை வெளியேற்றுவார்கள். எல்லாம் முடிந்தபின் கையில் மிஞ்சுவது நுரைத்த சேறு. ஐஸ்கிரீம் வாங்கி வெயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்த கதைதான். அங்கே ஹைட்ரேட் இருந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த விஞ்ஞானிகள் மேல் மரியாதை கூடியது. ஹைட்ரேட் உடையும்போது வெப்பத்தை உறிஞ்சும், அந்த இடம் சில்லென்று ஆகும். ஆகவே மாதிரி தளத்துக்கு வந்ததும் அகச்சிவப்புக் கேமராவால் நீளவாக்கில் படம் பிடித்தார்கள். குளிர்ந்த புள்ளி எங்கே தெரிகிறதோ, அங்கே ஹைட்ரேட் இருக்கிறது, அல்லது இப்போதுதான் இருந்துவிட்டுப் போனது. இன்னொரு பக்கம், கடலடியிலேயே மூடிக்கொண்டு, அதே அழுத்தத்தோடு மேலே வரும் அழுத்தக் குழாய்களும் வைத்திருந்தார்கள். திறக்காமலே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், களிமண்ணின் விரிசல்களில் ஹைட்ரேட் நரம்பு நரம்பாக ஓடுவது தெரிந்தது. சாதாரணக் குழாயில் வெறும் சேறாக வந்திருக்கும் அதே பொருள்! 2015ல் ஜப்பானின் சிக்யூ கப்பலை வைத்து இரண்டாவது சுற்றும் நடந்தது. 'வந்ததை மட்டும் பார்ப்போம்' என்று இவர்கள் உட்காரவில்லை. வராமல் போனதன் தடயத்தையும் அளந்தார்கள்.

இப்படி இன்னும் நிறைய இருக்கிறது. ஏரியின் அடியில் தண்ணீரா சேறா என்றே சொல்ல முடியாத மேலடுக்கை எடுக்க, 1958ல் ஜோசப் ஷாப்பிரோ என்பவர் எழுதிய வழி நம்ம ஊர் குல்ஃபிதான். உலர்பனி நிரப்பிய குழாயைச் செருகினால், சுற்றியுள்ள சேறு குழாயின் வெளிப்பக்கமே உறைந்து ஒட்டிக்கொள்ளும், குச்சியோடு குல்ஃபியை எடுப்பதுபோல எடுத்துவிடலாம். 1964ல் நிகாட்டா பூகம்பத்தில் தண்ணீரில் ஊறிய மணல் திரவமாகி, அடுக்குமாடிகள் உடையாமலே அப்படியே சாய்ந்து படுத்தன. அதன்பின் ஜப்பான்காரர்கள் திரவ நைட்ரஜனால் மணலை நிலத்துக்குள்ளேயே உறையவைத்து அறுத்து எடுத்தார்கள். தண்ணீர் உறைந்தால் விரியுமே, மணல் கலையாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக உறையவைத்தால், விரிகிற அளவுத் தண்ணீர் மறுபக்கம் வடிந்துவிடும், மணல் துகள் இடம் மாறாது. களிமண்ணில் இந்த வேலை நடக்காது, அதில் தண்ணீர் அவ்வளவு சுலபமாக வடியாது. கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் 1970களில் குழாயே வேண்டாம் என்று முடிவுசெய்து, துளையின் அடியில் மண்ணைச் சுற்றிச் செதுக்கி, 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கட்டியாக, அடியில் கத்தியைக் கொடுத்துத் தாங்கி எடுத்தார்கள். பந்தியில் இட்லியை எடுப்பதுபோல! நார்வேயில் இது ரொம்பப் பயன்படுகிறது. அங்கே 'குயிக் களிமண்' உண்டு. தொடாதவரை திடம், கலைத்தால் மோர். 1978ல் ரிஸாவிலும், 2020 டிசம்பரில் யெர்ட்ரூமிலும் ஊர்ப் பகுதிகளையே அது விழுங்கியது. யெர்ட்ரூமில் பத்துப் பேர் இறந்தார்கள்.

சரி, வித்தை இருக்கிறது. இனி என் பாடத்துக்கு வருகிறேன்.

போன கோடை விடுமுறையில் மண் பரிசோதனை போர் போடும் ஒரு ஒப்பந்ததாரரின் கணக்கு அறையில் இரண்டு மாதம் பில் அடித்தேன். பெயரெல்லாம் வேண்டாம், தொழில் முழுக்க இப்படித்தான் என்று அங்கேயே சொன்னார்கள். பில்லில் மூன்று வரிகள்தான் முக்கியம். மண்ணில் துளை, மீட்டருக்கு இவ்வளவு. சுத்தியல் டெஸ்ட், ஒன்றுக்கு இவ்வளவு. யூ.டி.எஸ். மாதிரி, ஒன்றுக்கு இவ்வளவு. மூன்றாவது வரியைக் கவனியுங்கள். மாதிரி வந்தால்தான் காசு. அரை நாள் போராடி ஷெல்பி டியூப் காலியாக வந்தால் சைபர். இப்போது நீங்கள் அந்த ஒப்பந்ததாரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்-ஒன் டெண்டரில் அடிமாட்டு விலைக்கு எடுத்திருக்கிறீர்கள். ரிக்குக்கு வாடகை ஓடுகிறது, நாலு பேருக்குக் கூலி ஓடுகிறது. எட்டாவது மீட்டரில் கூழ். நின்று நிதானமாகப் பிஸ்டன் சாம்ப்ளர் வரவழைப்பீர்களா, அடுத்த மீட்டருக்கு ஓடுவீர்களா?

சைட் மேஸ்திரி ஒருவர் மதியம் அறிக்கைத் தாள் கொடுக்க வருவார். அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, இந்த இடத்துல மட்டும் ஏன் மாதிரி இல்ல?"

"தம்பி, அது கூழு. கயித்துல கட்டியா இழுக்க முடியும்?"

"பிஸ்டன்னு ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு. அதுக்கு உங்க முதலாளி பில்லுல ஒரு வரி வாங்கித் தரச் சொல்லு, நாளைக்கே எடுத்துத் தர்றேன்."

ஒரு செமஸ்டர் முழுக்கக் காஸ்ட் அக்கவுண்டிங் படித்தாலும் இவ்வளவு தெளிவாக எனக்குப் புரிந்திருக்காது.

அவர் கொடுத்த கைத்தாளில் 7.5 மீட்டரிலிருந்து 9 மீட்டர் வரை 'நோ ரெகவரி' என்று எழுதியிருந்தது. நேர்மையான எழுத்து. பைண்டிங் போட்டுப் போன இறுதி அறிக்கையில் அந்த வார்த்தையைக் காணோம். மேலே 6 மீட்டரில் கிடைத்த களிமண்ணையும் கீழே 10.5ல் கிடைத்ததையும் ஒரு கோட்டால் இணைத்து, நடுவில் அதே களிமண் என்று வண்ணம் அடித்திருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு வெற்றிடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது ஆடிட்டிங். எஸ்.ஏ. 530 என்ற தரநிலை நமக்குப் பாடத்தில் வருகிறது, மாதிரி எடுத்துத் தணிக்கை செய்வதைப் பற்றி. பரீட்சைக்கு உருப்போட்டு மறந்திருப்பீர்கள். அதில் ஒரு விதி உண்டு. தணிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஒரு வவுச்சரை அவரால் சோதிக்க முடியவில்லை, பொருத்தமான மாற்றுச் சோதனையும் செய்ய முடியவில்லை என்றால், அதைப் பிழை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "காணோம் சார், ஆனா மத்ததெல்லாம் சரியா இருக்கே, இதுவும் சரியாத்தான் இருக்கும்" என்று விட முடியாது. நாலாயிரம் ரூபாய் டீச் செலவு வவுச்சருக்கே இந்தக் கறார். பத்து மாடிக் கட்டடத்துக்குக் கீழே ஒன்றரை மீட்டர் மண்ணைக் காணோம் என்றால் பக்கத்து மண் மாதிரிதான் இருக்கும் என்று விட்டுவிடலாமா?

வராத மண்ணை, வேறு விதமாக நிரூபிக்கும் வரை, அந்தத் துளையிலேயே மோசமான மண் என்றுதான் கணக்கில் எடுக்க வேண்டும். வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம், வால்வு ஒட்டாமல் போயிருக்கலாம், துளையின் அடியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் இருந்திருக்கலாம். இருக்கட்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு வராததை வந்ததாக எழுதுபவருடையது.

இதில் நஷ்டம் ஒரு பக்கம் மட்டும் இல்லை என்பதையும் காமர்ஸ்காரனாகச் சொல்ல வேண்டும். கசங்கிய மென்களிமண் ஆய்வுக்கூடத்தில் உண்மையைவிடப் பலவீனமாகத் தெரியும். அப்போது தேவைக்கு மேல் பைல் அடித்துக் காசு வீணாகும். தளர்ந்த மணலுக்கு நேர் எதிர். குழாயை அடிக்கும்போதே அது குலுங்கி இறுகிவிடும், ஆய்வுக்கூடத்தில் உண்மையைவிடப் பலசாலியாக நிற்கும். அப்போது வீணாவது காசு மட்டும் அல்ல. இரண்டு தப்பும் பக்கத்துப் பக்கத்து அடுக்குகளில் நடக்கலாம், ஒன்றையொன்று சரிக்கட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சிவில் படிக்கும் நண்பன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "இப்ப எவன்டா மேல கொண்டுவந்து பாக்குறான்? கூம்பை உள்ள அமுக்கி அங்கேயே அளந்துடுவோம், வேன் ஷியர்னு நாலு இறக்கை வச்ச கம்பியைச் சுத்தி அங்கேயே பலம் பாத்துடுவோம்" என்றான். நியாயமான பேச்சு. மென்களிமண்ணுக்கு அந்த இறக்கைச் சோதனை அருமையானது, அதற்கும் இந்தியத் தரநிலை இருக்கிறது. ஆனால் கூம்பு ஒரு எண்ணைத்தான் கொடுக்கும். அது சேறா, மக்கிய இலைதழையா, உப்புக் களிமண்ணா என்று கையில் எடுத்துப் பார்க்காமல் முழுசாகச் சொல்ல முடியாது. கட்டடம் வருடக்கணக்கில் எவ்வளவு அமுங்கும் என்று கணிக்க ஆய்வுக்கூடத்தில் மெதுவாக அமுக்கிப் பார்க்க ஒரு துண்டு மண் வேண்டும். தவிர, அவன் சொல்கிற கூம்பும் இறக்கையும் அந்த பில்லில் இருந்ததா? இல்லையே!

என் யோசனை சின்னதுதான். டெண்டரின் பில் அட்டவணையில் நாலாவதாக ஒரு வரி வேண்டும்: 'மாதிரி வராத ஆழத்தில் பிஸ்டன் சாம்ப்ளரால் மறுமுயற்சி, ஒன்றுக்கு இவ்வளவு, மாதிரி வந்தாலும் வராவிட்டாலும்'. முயற்சிக்குக் காசு. ஐந்தாவதாக, மறுமுயற்சியும் தோற்றால் அதே ஆழத்தில் இறக்கைச் சோதனை, அதற்கும் காசு. அறிக்கையில் ஒவ்வொரு மாதிரிக்கும் எவ்வளவு நீளம் அமுக்கினோம், எவ்வளவு நீளம் கிடைத்தது என்ற இரண்டு எண்ணும் அச்சாக வேண்டும். வண்ணம் அடித்த மண் படத்தில் வராத இடத்தை வெள்ளையாகவே விட வேண்டும்.

உடனே கேட்பீர்கள், வராததற்கும் காசு என்றால் ஒப்பந்ததாரர் வேண்டுமென்றே 'வரல சார்' என்று எழுதிக் காசு பார்க்க மாட்டாரா? பார்ப்பார். நானாக இருந்தாலும் பார்ப்பேன். அதனால்தான் காலிக் குழாய்க்குத் தனிக் காசு கிடையாது, மறுமுயற்சிக்குத்தான் காசு. அதையும் கட்டடக்காரரின் ஆள் நேரில் நின்று, மணி பார்த்து, எத்தனை நிமிடம் காத்திருந்து தூக்கினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸ் ஆக வேண்டும். ஸ்டாக் எண்ணும் நாளில் ஆடிட்டர் குடோனில் போய் நிற்பதில்லையா, அதே வேலை. ஒரே வித்தியாசம், இவர் சேற்றில் நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு நாள் படியும் ஒரு ஜோடி கம்பூட்டும் சேர்த்தே நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் அடித்த பில்லின் மொத்தத்தில் அது துண்டு விழுகிற அளவுக்கு இல்லை.